ஆளுக்கொரு ஹெட்போன்

எங்கள் வீட்டில் சண்டை என்று ஒன்று வந்தால் அது பாட்டுச் சண்டையாகத்தான் இருக்கும். குழம்பில் உப்பு கூடினால்கூட என் வீட்டுக்காரர் வாயைத் திறக்கமாட்டார். ஆனால் நான் வைத்த பாட்டை அவர் மாற்றினாலோ, அவர் வைத்ததை நான் நிறுத்தினாலோ, அன்றைக்குக் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெரு முழுக்க வாசலுக்கு வந்து நிற்கும். இப்போது அந்தச் சத்தமெல்லாம் குறைந்துவிட்டது. மகள் கல்யாணமாகிப் போன பிறகு சண்டை போடக்கூட ஒரு சாட்சி வேண்டியிருக்கிறது. அதனால்தானோ என்னவோ, அவள் அந்த இரண்டு ஹெட்போன்களைக் கொண்டுவந்த வருஷம் அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

நான் நெசவாளி வீட்டுப் பெண். சாமி புறப்பாடு எங்கள் தெரு வழியாகத்தான் போகும். தவில் சத்தம் கேட்டால் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடுவேன். நாகஸ்வரம், வீணை, அந்தக் காலத்துச் சினிமாப் பாட்டு, இவை இருந்தால் எனக்குச் சோறு வேண்டாம். அவருடையது மாகறல் பக்கம் ஏர் ஓட்டிய குடும்பம். கோடை வந்தால் ஊர் ஊராகப் போய்ப் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்தவர். ஆர்மோனியமும் மத்தளமும் முகவீணை என்கிற குட்டி நாகஸ்வரமும் சேர்ந்து கத்த, கூத்தாடி அடிவயிற்றிலிருந்து எடுத்துப் பாடினால்தான் அவருக்குப் பாட்டு. அதற்கு அடுத்தபடி கானா. நான் வீணை வைத்தால், "இன்னாம்மே, கொசு சுத்தற மாரி ஒண்ணு சுத்திக்கினே இருக்குது, எப்ப பாட்டு ஆரம்பிப்பான்?" என்பார். நான் எகிறுவேன். கேட்க வேண்டுமா!

இந்த மனுஷன் நூல் கடையில் மூட்டை இறக்க ஊரிலிருந்து வந்தவர். எனக்குப் பிடித்துப்போயிற்று, கட்டிக்கொண்டேன். அதில் விளக்கம் சொல்ல ஒன்றுமில்லை. அப்பா அப்போதே இல்லை. அண்ணன்தான் வீட்டுக்குப் பெரியவர். அவர் கல்யாணத்தைத் தடுக்கவில்லை, முன்னால் நின்று நடத்தியும் வைத்தார். ஆனால் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது நாலு பேர் காதில் விழும்படி ஒன்று சொன்னார். "மண்வெட்டி புடிச்ச கை. தறி ஓடம் புடிக்குமா, பாப்பம்."

சொன்னவர் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். எனக்குத்தான் அந்தச் சொல் தொண்டையில் சிக்கிய மீன் முள்ளாக நின்றுவிட்டது.

என் வீட்டுக்காரருக்குத் தறி வேலையை நான்தான் சொல்லிக்கொடுத்தேன், திட்டித் திட்டி. தறிக்குழியில் கால் விட்டு நான் உட்காருவேன். எனக்கு வலப்பக்கம் அவர். பெண்பிள்ளை குழியில், ஆம்பிளை பக்கத்தில், இதென்ன தலைகீழ்த் தறி என்று தெருவில் சிரித்தார்கள். சிரிக்கிற வாயை நாம் தைக்கவா முடியும்? போகப்போக அவர் கை நன்றாகப் படிந்துவிட்டது. எங்கள் பட்டை வாங்குகிற முதலாளிகள் ஒரு குறை சொன்னதில்லை. அண்ணன் மட்டும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார், தறியில் இருக்கும் துணியைக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார், "உன் கை நல்லாருக்குதும்மா" என்று என்னிடம் சொல்வார். கரையைப் பற்றி ஒரு சொல் வராது. கரை அவருடையது, அண்ணனுக்கும் அது தெரியும்.

அந்தக் கரை விஷயத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். காஞ்சிபுரம் பட்டில் உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம். உடம்புக்கு நூல் கொண்டு ஓடும் ஓடம் வேறு, கரைக்கு ஓடும் ஓடம் வேறு. இரண்டு நூலும் சேரும் இடத்தில் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் கோர்வை என்று பெயர். உடம்பு ஓடத்தை நான் விடுவேன், வலது கரை ஓடத்தை அவர் விடுவார், விட்டதும் "ம்" என்பார். அந்த "ம்" கேட்ட பிறகுதான் நான் மிதித்துப் பலகையை இழுத்து அடிப்பேன். அவர் விடுவதற்கு முன் நான் மிதித்துவிட்டால் கோர்வை விட்டுப்போய், கரைக்கும் உடம்புக்கும் நடுவே சின்னச் சந்து விழும். கண் எதற்கு இருக்கிறது என்று கேட்பீர்கள். என் கண் ஜரிகையைப் பார்க்கும், அறுந்த இழையைப் பார்க்கும். பக்கத்தில் இருக்கும் ஆளைக் காதுதான் பார்க்கும்.

முன்பு ரேடியோ, பிறகு போன். எதுவாக இருந்தாலும் ஒரு பாட்டுத்தான் இரண்டு பேருக்கும். காலையில் என் பாட்டு, சாப்பாட்டுக்கு அப்புறம் அவர் பாட்டு என்று உடன்படிக்கை. சாப்பாட்டை நான் வேண்டுமென்றே தாமதப்படுத்துகிறேன் என்று அவர் ஒருநாள் கண்டுபிடித்தார். அன்றைக்குத்தான் எங்கள் மகள் வேலை செய்யும் ஊரிலிருந்து லீவில் வந்திருந்தாள்.

அவளுக்குச் சென்னையில் ஹெட்போன், ஸ்பீக்கர் விற்கும் பெரிய கடையில் வேலை. வருகிறவர்களுக்குக் காதில் மாட்டிவிட்டு, இது இந்தப் பாட்டுக்கு நல்லது, அது அந்தப் பாட்டுக்கு நல்லது என்று சொல்ல வேண்டும். சம்பளம் கொடுத்துப் பாட்டு கேட்கச் சொல்கிறார்களே, இப்படி ஒரு வேலை என் காலத்தில் எங்கே போயிருந்தது என்று எனக்குப் பொறாமை. எங்கள் கூச்சலைக் கேட்டுவிட்டுப் போனவள், அடுத்த முறை வரும்போது இரண்டு டப்பாக்களோடு வந்தாள். ஒன்றில் கறுப்பு, ஒன்றில் காபிக் கலர்.

"ம்மா, இது ரெண்டுமே க்ளோஸ்டு பேக். பின்பக்கம் ஃபுல்லா மூடியிருக்கும். நீ கேக்கறது வெளிய லீக் ஆவாது, வெளிய கத்தறது உள்ள வராது. ஆளுக்கு ஒண்ணு. இனிமே சண்டயே கெடயாது, ஓகேவா?"

"உங்கப்பாவுக்கு எதுக்குடி? அவரு காது பொறந்ததுலருந்தே மூடித்தான இருக்குது" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே கறுப்பை எடுத்து மாட்டிக்கொண்டார். காபிக் கலர் எனக்கு வந்தது. அது காதை முழுக்க விழுங்கிக்கொண்டது. தெருவில் போன ஆட்டோ, பக்கத்து வீட்டுக் குக்கர், மேல்வீட்டுக் குழந்தை எல்லாம் ஒரே நொடியில் இல்லாமல் போயின. முதலில் பயமாகத்தான் இருந்தது. அப்புறம் மகள் ஒரு வீணையைப் போட்டாள். ஐயோ, என்னவென்று சொல்வேன்! நரம்பின் மேல் விரல் வழுக்கும் சத்தம் கேட்டது. வாசிக்கிறவர் மூச்சு இழுத்தது கேட்டது. இத்தனை வருஷம் கேட்ட வாசிப்பில் இப்படி ஒரு மூச்சு இருந்ததே தெரியாமல் போயிற்றே என்று கண் கலங்கிவிட்டது.

அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் பரீட்சை நடந்தது. இதை மாட்டி அது, அதை மாட்டி இது. கறுப்பில் எல்லாமே கனம். கானாவுக்கு அதை அடிக்க ஆளில்லை. டோலக் விழும் இடமெல்லாம் தாடையில் அதிரும். ஆடி மாதத்து அம்மன் பாட்டைப் போட்டால் பம்பையும் உடுக்கையும் நெஞ்சுக்குள் இறங்கும். சாமி வந்துவிடுமோ என்று கழற்றி வைத்துவிட்டேன். ஆனால் அதே கறுப்பில் நாகஸ்வரத்தைக் கேட்டால், வாசிக்கிறவரைத் தண்ணீர்த் தொட்டிக்குள் நிற்க வைத்த மாதிரி இருந்தது. வாயில் வைத்து ஊதும் சீவாளியின் கூர்மையே இல்லை. தவிலில் கழி விழும் பக்கம் மட்டும் கும் கும் என்று ஊதிப்போய், விரல் விழும் பக்கம் காணாமல் போயிற்று.

காபிக் கலரில் விரல் பக்கம் ஒவ்வொரு சொல்லாகத் தனித்தனியே விழுந்தது. கூடு மாட்டிய விரல்களை எண்ணிவிடலாம். ஆனால் கழிப் பக்கம் வற்றிப்போய் எண்ணெய் டின்னைத் தட்டினது போல ஆகிவிட்டது. பழைய சினிமாப் பாட்டுக்குக் காபிக் கலர்தான் சரி, குரல் முன்னால் வந்து நிற்கும், வயலின்கள் பின்னால் வரிசையாக உட்காரும். அதில் கூத்து மட்டும் ஆகவே ஆகாது. முகவீணை காதில் ஊசி ஏற்றியது. கூத்தைக் கறுப்பிலும் கேட்டுப் பார்த்தோம். ஊசி இல்லை, ஆனால் பாட்டில் வார்த்தை புரியவில்லை.

"கூத்தாடி என் மண்டைக்குள்ள வந்து ஆடறான்பா" என்றார் மகளிடம். "அவனுக்கு எடம் பத்தல. சுத்திச் சுத்தி முட்டிக்கிறான்."

"அதாம்ப்பா க்ளோஸ்டு பேக். எல்லாமே கிட்ட கேக்கும், தூரம்னு ஒண்ணு இருக்காது" என்றாள் அவள்.

"தூரம் இல்லாத கூத்து இன்னா கூத்து? வயக்காட்டு ஓரமா நடந்து வரும்போது, அடுத்த ஊர்லருந்து மத்தளம் காத்துல வரணும். வரும், பூடும், திருப்பி வரும்." அவர் ஊர் ஞாபகத்தை வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது குறைவு. அதனால் அன்றைக்கு அந்தக் கொசு வம்பையெல்லாம் நான் எடுக்கவில்லை.

ஜரிகை கொண்டுவரும் பாய் ஒருவர் உண்டு. எனக்குக் கல்யாணமாவதற்கு முன்பிருந்தே எங்கள் வீட்டுக்கு வந்து போகிறவர். அவரும் இந்தப் பரீட்சையில் மாட்டிக்கொண்டார். போனில் கவ்வாலி ஒன்றை எடுத்துக் கொடுத்து, "இதப் போடும்மா" என்றார். கறுப்பில் கேட்டார். கூட்டமாகப் பாடும் இடத்தில் தலை தானாக ஆடியது. காபிக் கலரில் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டார். "சுபானல்லா! ஒவ்வொரு ஆளும் கை தட்டறது தனியா கேக்குதும்மா. முன்வரிசையில கொண்டாந்து உக்கார வச்சிட்டே." எது நல்லது என்று கேட்டதற்கு, கை தட்டலுக்கு இது, கூட்டத்துக்கு அது என்று நழுவிவிட்டார். வியாபாரி அல்லவா, யாரையும் பகைத்துக்கொள்ளமாட்டார். ஜரிகை டப்பாவை வைத்துவிட்டுப் போக மறந்து, தெருக்கோடியிலிருந்து திரும்பி வந்தார்.

அப்படிச் சிரிப்பும் கும்மாளமுமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மகளுக்கு இடம் அமைந்தது. மாப்பிள்ளை வீடு பக்கத்தில் தாமல் கிராமம். முகூர்த்தப் புடவை மாப்பிள்ளை வீட்டார்தான் எடுக்க வேண்டும். ஆனால் அவர்களே, "காஞ்சிபுரத்துக்கு நாங்க பட்டு எடுத்துக்கினு வந்தா ஊரே சிரிக்கும். உங்க தறியிலயே போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. எத்தனையோ வீட்டுப் பெண்களுக்கு முகூர்த்தப் பட்டு போட்டிருக்கிறோம், எங்கள் தறியில் எங்கள் வீட்டுக்கென்று ஒன்று ஏறியதில்லை. அரக்கு உடம்பு, பச்சைக் கரை. மகள் கேட்டது அதுதான்.

அண்ணனிடம் சொல்லப் போனேன். தாய்மாமன் அவர்தானே. கேட்டுவிட்டு வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார், "நீங்க ரெண்டு பேருமா போடறீங்க? சரி. பொடவத் தட்டத் தூக்கறது நான்தான. அன்னிக்கு பாக்கறேன்."

எதைப் பார்க்கப் போகிறார் என்று எனக்குத் தெரியாதா? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதே நினைப்புதான். இந்தப் புடவையின் கரையைப் பார்த்துவிட்டு அண்ணன் வாயால் "நல்ல கை" என்று ஒரு சொல் வர வேண்டும். அதுவும் பந்தலில், நாலு பேர் கேட்க. அதுதான் எனக்கு வேண்டும். மகள் கல்யாணத்தைவிட இது பெரிதா என்று கேட்டால், அன்றைக்கு எனக்குப் பெரிதுதான்.

"எனக்கு அதெல்லாம் வேணாம்மே. பொண்ணு கட்டிக்கினா போதும்" என்றார் அவர்.

"உனக்கு வேணாம்யா, எனக்கு வேணும்" என்றேன்.

தறியில் பாவு நூலை ஏற்றினோம். முந்தானையை முடித்து உடம்புக்கு வரும் வரை ஹெட்போனைத் தொடவில்லை, பயபக்தியாகத்தான் இருந்தோம். உடம்பு நீளமானது, ஒரே மாதிரி வேலை. கை தானாக ஓட ஆரம்பித்ததும் காது அரித்தது. மாட்டிக்கொண்டால் அவர் சொல்லும் "ம்" எனக்குக் கேட்காதே, என்ன செய்வது? அதற்கும் ஒரு வழி பண்ணினோம். ஓடம் விட்டதும் அவர் தறிக்கட்டையில் விரலால் ஒரு தட்டு தட்டுவார். அது மரம் வழியாக என் கைக்கு வந்துவிடும். பலே, என்ன மூளை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நாட்கள் சொர்க்கம். நான் என் வீணைக்குள், அவர் அவர் கூத்துக்குள். நடுவில் மகள் புடவை அங்குலம் அங்குலமாக வளர்கிறது. வேர்வையில் காதுமெத்தை நனைந்துபோகும், கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்ப மாட்டிக்கொள்வோம். அவர் திடீர் திடீரென்று சிரிப்பார். கூத்தில் கட்டியக்காரன், அதுதான் கோமாளி, வந்திருப்பான் என்று தெரிந்துகொள்வேன். சண்டையே இல்லை. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா, ரெண்டு பேரும் பேசிக்கிறது இல்லியா?" என்று கவலையோடு கேட்டுவிட்டுப் போனாள்.

நெய்த துணி அவ்வப்போது உருளையில் சுற்றிக்கொள்ளும், கண்ணுக்கு முன்னால் ஒரு முழம்தான் நிற்கும். மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். பார்க்க வேண்டும் என்று குதித்தாள். உருளையைத் தளர்த்தி, துணியை ஜன்னல் பக்கம் இழுத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தோம்.

அரக்கு நிறத்தில் பட்டை பட்டையாகத் தெரிந்தது. ஓரிடம் கெட்டி, ஓரிடம் தளர்வு, மறுபடி கெட்டி. எனக்கு உடனே விளங்கிவிட்டது. வீணை ஆலாபனையில் என் அடி தளர்ந்திருக்கிறது. தவில் தனி வந்த இடத்தில் வெறி பிடித்த மாதிரி அடித்திருக்கிறேன். எந்த இடத்தில் எதைக் கேட்டேன் என்று விரல் வைத்துச் சொல்லிவிடலாம். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்திருப்பேன். அது லேசான பட்டைதான், இஸ்திரியில் கொஞ்சம் அமுங்கிவிடும்.

"ம்மா, இங்க இன்னா வெளிச்சம் வருது?" என்றாள் அப்புறம்.

வலது கரை ஓரம். கோர்வையில் சந்து. அரிசி நுழையும் அளவுக்கு ஒன்று, அதற்கு நாலைந்து முழம் தள்ளி, கடைசியாக நெய்த பக்கத்தில் இன்னும் இரண்டு.

நான் கத்திய கத்தில் மேல்வீட்டுக் குழந்தை அழுதது. "ஓடம் உட்டியா இல்லியா? கோமாளியப் பாத்து இளிச்சிக்கினு உக்காந்திருந்தியா? எங்கண்ணன் சொன்னது சரிதான்யா, மண்வெட்டி..." என்று ஆரம்பித்துவிட்டேன். முழுதாகச் சொல்லவில்லை. ஆனால் அவருக்கு மீதி தெரியுமே. எழுந்து கொல்லைப் பக்கம் போனார். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. திரும்பி வந்து அவர் இடத்தில் உட்கார்ந்தார். மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். செருப்பால் அடித்திருந்தால்கூட எனக்கு அப்படி வலித்திருக்காது.

பிறகு யோசித்துப் பார்த்தேன். தவில் தனியில் ஒரு கழி விழுந்ததை, அவர் கட்டையில் தட்டியதாக நினைத்து நான் முந்தி மிதித்திருக்கலாம். அவர் சிரித்துக்கொண்டே ஓடத்தை விடாமல் தட்டியிருக்கவும் செய்யலாம். யார் கண்டது? ஆளாளுக்குக் காதை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்குச் சாட்சி யார்?

கிட்டத்தில் இருந்த இரண்டு சந்துகளையும் அவிழ்த்து மறுபடி நெய்தோம். முதலில் விழுந்தது ரொம்ப உள்ளே போய்விட்டது. அதை அவிழ்க்க வேண்டுமானால் அதற்குப் பின் நெய்ததெல்லாம் அவிழ வேண்டும். பட்டு தாங்காது, முகூர்த்தமும் காத்திருக்காது. அதே பச்சை நூலை ஊசியில் கோத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நானே இழுத்து மூடினேன். வேறு ஊராக இருந்தால் யாருக்கும் தெரியாது. எங்கள் ஊரில் பந்தலில் உட்காரும் பாதிப் பேருக்குத் தறி இருக்கிறது. மீதிப் பாதிக்கு நூல் கடை இருக்கிறது.

மீதிப் புடவையைப் பாட்டே இல்லாமல் முடித்தோம். அவர் "ம்" என்பார், நான் மிதிப்பேன். மன்னிப்பு கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. சாப்பாட்டை மட்டும் நேரத்தோடு போட்டேன்.

காலை முகூர்த்தம். மண்டபத்தில் நாகஸ்வரக் கோஷ்டி எடுத்ததுமே எனக்குச் சிலிர்த்துவிட்டது. கறுப்பும் இல்லை, காபிக் கலரும் இல்லை, தவிலின் இரண்டு பக்கமும் முழுசாகக் கேட்டது. பந்தியில் இலை போடுகிற சத்தம், குழந்தைகள் ஓடுகிற சத்தம், எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு அது வந்தது. மூடிய ஹெட்போனில் இதை எந்தக் காலத்திலும் அடைக்க முடியாது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அண்ணன் தட்டைத் தூக்கிவிட்டார்.

முகூர்த்தப் புடவையைத் தட்டில் வைத்துப் பந்தலைச் சுற்றி எடுத்து வருவார்கள், பெரியவர்கள் தொட்டு ஆசீர்வாதம் செய்வார்கள். மற்ற ஊர்களில் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். எங்கள் ஊரில் புரட்டிப் பார்ப்பார்கள். ஒவ்வொருவராக மடிப்பை நிமிண்டிப் பார்த்து, "பலே, பலே" என்று தலையாட்டினார்கள். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. சுற்றி முடித்து மணமேடைக்கு வந்த அண்ணன், தட்டை மகள் கையில் கொடுக்கவில்லை. நின்றார். ஒரு மடிப்பைத் திறந்தார். வலது கரையில் கட்டைவிரலை வைத்து, கோர்வை மேலேயே மெல்ல இழுத்துக்கொண்டு போனார்.

விரல் நின்றது.

சரியாக அந்த இடம். கண்ணால் பார்க்கவே இல்லை, விரலே கண்டுபிடித்துவிட்டது. "இது யாரு?" என்றார். மேடையைச் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் கழுத்தை நீட்டினார்கள்.

"என் கைண்ணா" என்றேன். "பாட்டு கேட்டுக்கினே முந்தி மிதிச்சிட்டேன். அவரு மேல ஒண்ணும் இல்ல."

சொன்னதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இத்தனை வருஷக் கணக்கை ஒரே சொல்லில் தீர்த்துவிட்ட மாதிரி. அவரைக் காப்பாற்றிவிட்டேன் என்று பெருமையாகக்கூட இருந்தது. அப்போதுதான் பின்னால் பன்னீர்ச் சொம்போடு நின்றிருந்த என் வீட்டுக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"இல்ல மச்சான். அது என் ஓடம். கூத்து கேட்டுக்கினு இருந்தேன், கோமாளி வந்தான், சிரிச்சிக்கினே ஓடத்த உட மறந்துட்டேன்."

"சும்மா இருய்யா" என்று அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை. என்னிடம் ஒன்றைக் கேட்டு வாங்குகிற மாதிரி மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் எல்லாருக்கும் கேட்டது. "நீ சும்மா இரும்மே. அந்தச் சந்து உன்னுதுன்னு ஆயிட்டா, மீதிக் கரையும் உன்னுதாப் பூடும். இம்மாம் வருசம் உக்காந்து போட்டதுல அப்புறம் எனக்குன்னு இன்னா இருக்குது?"

அவர் சொன்னதைக் கேட்டு வேட்டியை விட்டுவிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து, விரலை அந்தச் சந்துக்கு அடுத்த இடத்தில் வைத்தார். வைத்து, கோர்வையோடு மறுபடி போக ஆரம்பித்தார். ஒரு மடிப்பு, அடுத்த மடிப்பு, அதற்கடுத்தது. ஐயர் நேரமாகிறது என்று கூப்பிட்டார், அண்ணன் காதில் வாங்கவில்லை. கரை முடிகிற இடம் வரைக்கும் போனார். விரல் வேறெங்கும் நிற்கவில்லை. மடிப்புகளை ஒழுங்காக மூடி, பூவைச் சரி செய்து, தட்டை அவர் பக்கம் நீட்டினார்.

"புடி மாப்ளே" என்றார். "உன் கர. உன் பொண்ணுக்கு நீயே குடு."

அவர் கையிலிருந்த சொம்பை நான் வாங்கிக்கொண்டேன். அவர் தட்டை வாங்கி மகளிடம் நீட்டினார். மகள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். மேடைக்குப் பக்கத்திலேயே நாகஸ்வரக்காரர் ஏதோ ஒரு ராகத்தைப் பிடித்து உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்தார், அண்ணன் மனைவி என் தோளைத் தட்டி, "ஆஹா, கேளு கேளு" என்றாள். நான் அழுதுகொண்டு நின்றேன். அது என்ன ராகம் என்று இன்று வரை எனக்குத் தெரியாது.